பச்சை கேட் வீட்டுக்காரர்

பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலை வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் யாரும் வாய்க்கால் என்று சொல்வதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு சின்னப் பாலத்தைத் தாண்டிப் போவார்கள். பெருமழை பெய்து ஓய்ந்த பிறகு மட்டும் அது வேறு மாதிரி ஆகிவிடும். மேலே ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர், தேங்கிக் கிடந்த கறுப்பையெல்லாம் அடித்துக்கொண்டு அடையாற்றுக்குப் போய்விடும். பிறகு சில நாட்களுக்கு டீ நிறத்தில் தண்ணீர் ஓடும். அடியில் கிடக்கிற செங்கல் கூடத் தெரியும். அப்போது மீன் ஏறி வரும்.

நான் அங்கே தூண்டில் போடுகிறவன். மண்புழு வைப்பதில்லை. மழை விட்ட சாயங்காலம் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும் அல்லவா, மறுநாள் காலையில் அந்த ஈசல்கள் றெக்கையோடும் றெக்கை இல்லாமலும் தண்ணீரில் மிதந்து வரும். விராலும், விரால் மாதிரியே சின்னதாக இருக்கிற கொரவையும் அதற்காகவே ஓரத்தில் காத்துக்கொண்டிருக்கும். நான் ஈசல் மாதிரி ஒன்று செய்துகொள்வேன். சின்னத் தூண்டில் முள்ளில் காவி நிற நூலைச் சுற்றினால் உடம்பு. கறிக்கடையில் கிடைக்கிற வெள்ளைக் கோழி இறகின் ஓரத்தை வெட்டிக் கட்டினால் றெக்கை. அதற்கு எடையே கிடையாது, சாதாரணத் தூண்டிலில் கட்டினால் தூரமாகப் போய் விழாது. அதனால் தடித்த பருத்தி நூலில் மெழுகு தேய்த்து, அதன் நுனியில் ஒரு கை நீளம் மெல்லிய நைலான் நரம்பைக் கட்டி, நரம்பின் முனையில் ஈசலைக் கட்டுவேன். தூண்டில் குச்சியைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் முன்னால் விட்டால், தடித்த நூல் தன் கனத்தில் ஈசலையும் இழுத்துக்கொண்டு போகும். நூல் மெத்தென்று விழ வேண்டும். அறைந்துகொண்டு விழுந்தால் மீன் ஓடிவிடும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. செய்து செய்து வந்ததுதான்.

பிடித்ததை விட்டுவிடுவேன். சாக்கடை மீனை வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாது என்பது என் மனைவியின் சட்டம். அது நியாயமான சட்டம்தான்.

அந்த வருஷம் என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் குரோம்பேட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாள். இரண்டு இடம் வந்து, ஜாதகம் பொருந்தி, விசாரிப்போடு நின்றுபோனது. விசாரிப்பு என்றால், பெண் வீட்டுக்குச் சொல்லாமல் அந்தத் தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுப் போவது. எல்லோரும் செய்கிறதுதான். நாங்களும் பையன் வீட்டுப் பக்கம் போய் விசாரித்தோம். எங்களை விசாரித்தவர்களிடம் தெருவில் என்ன சொன்னார்கள் என்பதை என் மைத்துனர் தெரிந்துகொண்டு வந்து சொன்னார்.

"உங்களப் பத்திதான் மச்சான். பொண்ணைப் பத்தி ஒரு கொறையும் இல்ல. அப்பா யார்கிட்டயும் பேச மாட்டார், ஒரு மாதிரி, மழை வந்தா குச்சிய எடுத்துகினு சாக்கடையில போய் நிப்பார்னு சொல்லியிருக்காங்க. குடும்பத்துல ஏதாவது இருக்குமோன்னு பயந்துட்டாங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். அங்கே மெஷின் சத்தத்தில் பேசத் தேவையில்லை. தெருவில் எதிரே ஆள் வந்தால் தலையை ஆட்டுவேன். அவர்கள் நின்று பேச ஆரம்பித்தால் எனக்குக் காது சூடாகிவிடும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

மூன்றாவதாக ஒரு இடம் வந்தது. சிட்லபாக்கத்தில் வீடு, பையனுக்கு லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் வேலை. அவனும் என் மகளும் போனில் பேசிக்கொண்டார்கள். இந்த முறை அவளே வந்து, "இது எனக்குப் புடிச்சிருக்குப்பா" என்றாள். அதுவரை அவள் அப்படிச் சொன்னதில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை அவங்க வரும்போது ஒரு நாலு வார்த்தை பேசுப்பா, போதும்" என்றாள். என் மனைவி இன்னொன்று சேர்த்துக்கொண்டாள். "இந்த மாசம் முழுக்க அந்தக் குச்சியத் தொடக்கூடாது. அவங்க விசாரிக்க வர்ற நேரம்." குச்சி கட்டிலுக்கு அடியில் போனது.

அந்த வாரம்தான் மழை கொட்டியது. திருமுடிவாக்கத்தில் பட்டறைக்குள் தண்ணீர் வந்து வேலை நின்றது. மழை விட்டு, ஈசல் பறந்து, விடிந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாய்க்கால் டீ நிறத்துக்கு வந்திருந்தது. மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மகள் வேலைக்குப் போய்விட்டாள். நான் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன்.

பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஒரு சிமென்ட் படியிலிருந்து இறங்கி நுரை கட்டும். அதற்கு அப்பால் யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன கிணற்று உறை ஒன்று பாதி புதைந்து கிடக்கிறது. உறைக்குப் பின்னால் தண்ணீர் ஓடாமல் நிற்கும். ஒரு விரால் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஒருமுறை தலையை மட்டும் பார்த்திருந்தேன். முதலில் நுரையின் ஓரத்தில் போட்டேன். ஒரு கொரவை வந்து இடித்துவிட்டுப் போனது. அப்போது பாலத்தின் மேலே ஒரு ஸ்கூட்டர் நின்றது.

"இன்னா சார், இதுல மீன் கீதா?"

தலையை ஆட்டினேன்.

"சாக்கடையாச்சே சார்."

"மழைக்கு அப்புறம் இல்ல."

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நின்றார். அறுபது தாண்டியவர், நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. வெயில் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது.

"கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. நிழல் விழுது" என்றேன்.

"ஓ, சாரி சார்" என்று இரண்டடி பின்னால் போனார். குரல் மட்டும் பின்னால் போகவில்லை. "நிக்கறது நமக்குப் பழக்கம்தான். கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவன். போடுங்க, போடுங்க. நான் பேஜார் பண்ண மாட்டேன்."

பையனின் அப்பாவும் கண்டக்டர்தான் என்று மைத்துனர் சொல்லியிருந்தார். ஆனால் தாம்பரம் பக்கம் ஓய்வு பெற்ற கண்டக்டர்களுக்குக் குறைச்சலா? நான் அதை யோசிக்கவில்லை. உறைப் பக்கம் நூலை வீசினேன். கொஞ்சம் தள்ளி விழுந்தது.

"உங்க வீடு எந்தப் பக்கம் சார்?"

"மரம் தாண்டி வலது பக்கம்."

"அங்க மூணாவது தெருவுல பச்சை கேட் போட்ட வீடு ஒண்ணு. திருமுடிவாக்கத்துல லேத் ஓட்டறாராமே. தெரியுமா அவர?"

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். போட்டோவில் பார்த்த பையனின் காதும் நெற்றியும் அப்படியே இருந்தன. நான்தான் என்று சொல்வதற்கு ஒரு நொடி இருந்தது. எனக்கு அந்த நொடி எப்போதும் கொஞ்சம் சீக்கிரமாகவே முடிந்துவிடும்.

"தெரியும்" என்றேன். அந்த ஒரு வார்த்தை வெளியே வந்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன்.

"எங்க பையனுக்கு அந்த வீட்ல பொண்ணு பாக்கறோம். எதிர் வீட்ல கேட்டேன். அந்தாளு வாயே தொறக்க மாட்டாராம். மழை வந்தா மீன் புடிக்கப் பூடுவாராம். நீங்களும் மீன் புடிக்கறவரு. பார்த்திருப்பீங்களே."

"பார்த்திருக்கேன்."

"இங்கியேவா?"

"இங்கதான்."

"இன்னிக்கு வர்லியா?"

"இந்த மாசம் போகக்கூடாதுன்னு அவர் வீட்ல சொல்லியிருக்காங்க."

அவர் சிரித்தார். "பொண்டாட்டி பேச்சு கேக்கறவரா?"

"பாதி" என்றேன்.

இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார். குடி உண்டா என்றார். இல்லை என்றேன். கோவம் எப்படி என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டுவிட்டார், எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"வரும். சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிடுவார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே வந்து தட்டைக் கழுவி வைப்பார்."

"அவ்ளோ உள் விஷயம் உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"பக்கத்துலதான் இருக்கேன்."

"பேசாம இருக்கறது இன்னா? திமிரா?"

"திமிர் இல்ல. பேச வராது. சொல்ல வேண்டியது உள்ள இருக்கும். அது வாய்க்கு வர்றதுக்குள்ள எதிர்ல இருக்கறவங்க வேற பேச்சுக்குப் போயிடுவாங்க."

"அப்போ அந்தாளு இன்னா பண்ணுவாரு?"

"மீன் புடிக்க வருவார்."

ஒரு விமானம் தாழ்வாக, சக்கரங்கள் தெரியும்படி எங்கள் தலைக்கு மேலே இறங்கிப் போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். நான் அவ்வளவு பேசியது எனக்கே வினோதமாக இருந்தது. கையில் குச்சி இருந்தது, கண் தண்ணீரில் இருந்தது, பேச்சு வேறொரு ஆளைப் பற்றியதாக இருந்தது. அதனால் வந்திருக்கும்.

"சரி, அத்த வுடுங்க. பொண்ணு எப்படி சார்?"

நூலை இழுத்து ஈசலை உதறிக் காயவைத்தேன். நனைந்தால் அது முழுகிவிடும். பிறகு உறைக்கு மேலே குறி வைத்து வீசினேன். இந்த முறை சரியாக, உறையின் விளிம்பில் பட்டுப் பின்னால் சரிந்து விழுந்தது.

"அந்தப் பொண்ணு சிரிச்சா தெருமுனை வரைக்கும் கேக்கும்" என்றேன்.

"அவ்ளோ சத்தமா?"

"ஆமா. லேபுல ரத்தம் எடுக்குது. ஊசின்னா பயப்படற கொழந்தைங்கள அதுகிட்டதான் அனுப்புவாங்களாம். அது சிரிக்கறதப் பார்த்துக்கினே கொழந்தைங்க கைய நீட்டிடுமாம். வேலைய விடச் சொன்னா விடாது. காலையில எழுப்பினா கோவம் வரும், அது அப்பா மாதிரி. ஆனா தட்டைத் தள்ளாது. அவங்கப்பா பேசாம உக்காந்திருந்தா பக்கத்துல வந்து அதுவும் பேசாம உக்காரும். பேசுன்னு சொல்லாது."

ஞாயிற்றுக்கிழமை நாலு வார்த்தை பேசச் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அவளுக்கு இது எவ்வளவு வேண்டும் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் சரியாகத் தெரிந்தது. தெரிந்தபோது, சத்தமாகச் சிரிக்கும், வேலையை விடாது என்றெல்லாம் சொல்லி முடித்திருந்தேன். பெண் பார்க்க வருகிறவர்களிடம் யாரும் முதலில் சொல்கிற விஷயங்கள் அல்ல அவை.

உறைக்குப் பின்னால் தண்ணீர் வீங்கியது. ஈசல் காணாமல் போனது.

விரால் வாயில் வாங்கிய உடனே இழுத்தால் முள் மாட்டாது. அது திரும்பிக் கீழே போகும்வரை பொறுக்க வேண்டும். பொறுத்தேன். நூல் நகர்ந்தது. குச்சியைத் தூக்கினேன்.

"மாட்டிக்கிச்சா? மாட்டிக்கிச்சா சார்?" கண்டக்டர் கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பைத் தொங்கவிட்டிருந்தார். நிழலைப் பற்றி இனிமேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. "புடிங்க சார், வுடாதீங்க. ரைட்ல போவுது, ரைட்ல போவுது."

உறைக்கு அடியில் போக விடாமல் குச்சியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கி, முழங்கால் அளவில் நின்று அதைக் கைக்குள் கொண்டுவந்தேன். முழங்கை நீளம் இருந்தது. வயிறு வெள்ளை, முதுகில் பாம்பு மாதிரிக் கட்டம். முள் உதட்டில்தான் மாட்டியிருந்தது. கழற்றிவிட்டு, அதற்கு மூச்சு திரும்பும்வரை தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்து, விட்டேன். வாலை ஒரு முறை அடித்துவிட்டு உறைப் பக்கம் போய்விட்டது.

"அட, ஏன் சார் வுட்டுட்டீங்க? ஆபரேஷன் பண்ணவங்களுக்கு விரால் வேணும்னு அவனவன் மார்க்கெட் மார்க்கெட்டா அலையறான். நீங்க இன்னாடான்னா..."

"வீட்ல சமைக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு சார் புடிக்கறீங்க?"

ஈசலின் றெக்கையை நீவிவிட்டேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அந்த லேத்காரரும் இப்டித்தானா? புடிச்சு வுடறவரா?" என்றார்.

"ஆமா."

"ஹ்ம்" என்றார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். "வரேன் சார். நல்லா வெவரமா சொன்னீங்க." பேரைக் கேட்கவில்லை. எத்தனையோ வருஷம் பேர் கேட்காமலே ஜனங்களோடு பேசிப் பழகியவர்.

வீட்டுக்கு வந்து குச்சியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி அன்று சாயங்காலம், "இன்னும் யாரும் விசாரிக்க வந்த மாதிரி தெரியலியே" என்றாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் மைத்துனர் போன் செய்தார். "விசாரிச்சுட்டாங்களாம் மச்சான். நல்லதுன்னும் சொல்லல, கெட்டதுன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழமை வர்றாங்க. பார்க்கலாம்." மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நகத்தைக் கடித்தாள். தட்டு விஷயத்தைச் சொன்னது தவறோ என்று அப்போது தோன்றியது. பிறகு அதையும் விட்டுவிட்டேன். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. பையனும் அவன் பெற்றோரும் ஆட்டோவில் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்த கண்டக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருடைய கை மேலே போய் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டது, பஸ்ஸில் திடீரென்று பிரேக் போட்டால் பிடிப்பது மாதிரி. நான் வணக்கம் சொன்னேன். கை கூப்பியது, சத்தம் வரவில்லை.

"வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டிக்கெட் வாங்காத ஆளைக் கண்டுபிடித்துவிட்டு, உடனே சொல்லாமல் வைத்திருக்கிற முகம்.

"அவர் அவ்வளவா பேச மாட்டாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் என் மனைவி.

"தெரியும்மா. விசாரிச்சோம்."

என் மைத்துனர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "யார்கிட்டங்க?"

"எதிர் வீட்ல. அப்புறம் முனையில கடைக்காரரு. அப்புறம் வாய்க்கால் பாலத்துல ஒருத்தரு மீன் புடிச்சிகினு இருந்தாரு. எல்லாரையும் விட அவருக்குத்தான் நெறைய தெரிஞ்சிருந்துது. சார் கோவம் வந்தா தட்டைத் தள்றது வரைக்கும் சொன்னாரு."

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருங்க அது? மீன் புடிக்க வந்தவன் மீனைப் புடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே. எங்க வீட்டுத் தட்டைப் பத்தி அவனுக்கு என்ன வந்துது?"

"ரொம்பப் பக்கத்துல இருக்கறவராம்" என்றார் கண்டக்டர். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் தரையில் இருந்த டைல்ஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி காபி எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே மகளிடம் அடிக்குரலில் கொட்டுவது கூடத்துக்கு லேசாகக் கேட்டது. "எவனோ ஒருத்தன்டி. வாய்க்கால் பாலத்துல மீன் புடிச்சிட்டு நின்னானாம்..."

அந்த வாய்க்காலில் மழைக்கு அப்புறம் நின்று மீன் பிடிக்கிற ஆள் எத்தனை பேர் என்பது என் மகளுக்குத் தெரியும். பிறகு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், இன்னும் பெரிதாக வந்தது. ஏதோ ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்ததைக் கூடத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்த பையன் நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தான். அவனுடைய அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னேன்ல" என்றார் கண்டக்டர்.

அந்த அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "நம்ம வீட்ல இவர் குரல வுட்டா வேற சத்தமே இல்ல" என்றார். "இருக்கட்டும்."

காபித் தட்டோடு மகள் வந்தாள். கண் இன்னும் ஈரமாக இருந்தது. எனக்கு நீட்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பேச வேண்டியது பாக்கி இருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "காபி ஆறிடும், குடிங்க" என்றேன். எல்லோரும் உடனே எடுத்துக் குடித்தார்கள்.

கிளம்பும்போது கேட் வரைக்கும் போனேன். மற்றவர்கள் ஆட்டோவில் ஏறினார்கள். கண்டக்டர் பச்சை கேட்டின் மேல் கை வைத்து நின்றார்.

"கோவத்த மட்டும் வுட்டிருக்கலாமே சார்."

"கேட்டீங்க" என்றேன்.

"கேட்டேன்தான்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

தையில் கல்யாணம் என்று முடிவானது. என் மனைவி விஷயத்தைத் தெரிந்துகொண்ட பிறகு என்னோடு பேசவில்லை. வீட்டில் அது அவ்வளவு பெரிய மாறுதலாகத் தெரியவில்லை. குச்சியைப் பற்றியும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தொடலாம் என்றும் சொல்லவில்லை.

கார்த்திகை கடைசியில் இன்னொரு மழை பெய்து ஓய்ந்தது. வாய்க்கால் தெளிந்த காலையில் நான் உறைப் பக்கம் வீசிக்கொண்டிருந்தேன். பாலத்தின் மேலே ஸ்கூட்டர் வந்து நின்றது. யாரும் சொல்லாமலே அவர் இரண்டடி பின்னால் நின்றுகொண்டார்.

"அந்தப் பச்சை கேட் வீட்டுக்காரரு எப்டி கீறாரு?"

"அப்படியேதான் இருக்கார்."

"மீன் புடிக்கப் போலாம்னு வீட்ல சொல்லிட்டாங்களா?"

"பாதி" என்றேன். நூல் உறைக்கு அப்பால் போய் மெத்தென்று விழுந்தது.